சர்க்கரை நோயாளிகளிடம் ஏஎல்எஸ் ஏன் குறைவு? இன்சுலின் சமிக்ஞையின் சிக்கலான கதை

டென்மார்க்கில் ஒருவரின் மருத்துவமனைப் பதிவுகள் எல்லாம் ஒரே அடையாள எண்ணின் கீழ் சேர்ந்திருக்கும். அந்தப் பதிவுகளை வைத்து 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. 1982 முதல் 2009 வரை ஏஎல்எஸ் என்ற, தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய் கண்டறியப்பட்ட 3650 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் அதே வயதும் பாலினமும் கொண்ட நூறு பேரை எதிரே வைத்துப் பார்த்தார்கள். ஏற்கெனவே சர்க்கரை நோய் இருந்தவர்களுக்கு ஏஎல்எஸ் வரும் வாய்ப்பு சுமார் 40 சதவீதம் குறைவாக இருந்தது.

கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுத்து, கால் நரம்புகளை மரத்துப்போக வைக்கும் நோய் அது. அதுவா இன்னொரு நரம்பு நோயிலிருந்து ஆளைக் காப்பாற்றும்? படித்த பலருக்கும் முதலில் வந்தது சந்தேகம்தான். ஆனால் அதே ஆண்டு ஸ்வீடனின் பதிவுகளிலிருந்தும் இதே திசையில் ஒரு முடிவு வந்தது. அதில் ஒரு முக்கியமான பிரிவினையும் இருந்தது: பெரும்பாலும் நடுவயதிலோ அதற்குப் பிறகோ வரும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு இந்தப் பாதுகாப்பு தெரிந்தது, இளம் வயதிலேயே இன்சுலின் ஊசி தேவைப்படும் வகைக்கோ ஏஎல்எஸ் வாய்ப்பு கூடியே காணப்பட்டது. தைவானில் செய்த ஆய்வில் சர்க்கரை நோயாளிகளுக்கு ஒட்டுமொத்தமாகவே ஆபத்து கொஞ்சம் அதிகம் என்று வந்தது.

ஆக, ‘சர்க்கரை நோய் நல்லது’ என்று யாரும் முடிவு கட்டிவிட முடியாது. ஆனால் இன்சுலினுக்கும் இயக்க நரம்பணுக்களுக்கும் இடையில் ஏதோ நடக்கிறது என்பது மட்டும் தெளிவு. அது என்ன என்று தேடப் போனவர்கள் முப்பது ஆண்டுகளில் பலமுறை எதிரெதிர் முடிவுகளில் போய் நின்றிருக்கிறார்கள். அந்த முரண்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது என்பதுதான் என் வாதம்: இன்சுலின் கூடுகிறதா குறைகிறதா என்று உடல் முழுவதற்கும் சேர்த்து ஒரே கேள்வி கேட்டோம். கேட்டிருக்க வேண்டியது, எந்தத் திசுவில், நோயின் எந்தக் கட்டத்தில் என்று.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாக. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கும், தண்டுவடத்திலிருந்து தசைக்கும் கட்டளை கொண்டுபோகும் நரம்பணுக்கள் அழிந்துகொண்டே போவது ஏஎல்எஸ். கை, கால், பேச்சு, விழுங்குதல் என்று ஒவ்வொன்றாகப் பறிபோய், கடைசியில் மூச்சு விடும் தசைகளும் ஓய்ந்துவிடுகின்றன. பாரிஸ் மருத்துவர் ஷார்கோ 19ஆம் நூற்றாண்டிலேயே இதை விவரித்துவிட்டார். ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் இரண்டு பேருக்கு வருகிறது. பெரும்பாலோர் அறிகுறி தொடங்கி இரண்டிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்துவிடுகிறார்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இந்த நோயோடு வாழ்ந்த ஸ்டீபன் ஹாக்கிங் மிக அபூர்வமான விதிவிலக்கு. பத்தில் ஒருவருக்குத்தான் இது குடும்பத்தில் வழிவழியாக வருகிறது. 1993இல் எஸ்ஓடி1, 2011இல் சி9ஓஆர்எஃப்72 என்று இதற்குக் காரணமான மரபணுக்கள் ஒவ்வொன்றாகத் தெரியவந்தன. 2006இல் இன்னொரு பெரிய துப்பு கிடைத்தது. குடும்ப வரலாறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஏறக்குறைய எல்லா நோயாளிகளின் நரம்பணுக்களிலும் டிடிபி-43 என்ற புரதம் தன் இடமான உட்கருவை விட்டு வெளியேறி, செல்லுக்குள் கட்டிகட்டியாகச் சேர்ந்திருந்தது. இந்த டிடிபி-43 பின்னால் எதிர்பாராத ஓர் உறுப்பில் மறுபடி தலைகாட்டும்.

இப்போது இன்சுலின். 1921இல் டொரான்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் அதைப் பிரித்தெடுத்த நாளிலிருந்து, ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையைத் தசைக்கும் கொழுப்புக்கும் அனுப்பும் ஹார்மோன் என்றுதான் நமக்குப் பழக்கம். மூளைக்கு அதனிடம் வேலை இல்லை என்று வெகுகாலம் நினைத்தார்கள். ஒரு வகையில் அந்த எண்ணத்துக்கு நியாயம் உண்டு. நரம்பணு குளுக்கோஸை உள்ளே எடுக்கப் பெரும்பாலும் இன்சுலினின் அனுமதிக்குக் காத்திருப்பதில்லை. அதற்கென்று தனி வாசல் வைத்திருக்கிறது. ஆனால் 1978இல் எலியின் மூளை முழுவதும் இன்சுலின் ஏற்பிகள் பரவியிருப்பது தெரிந்தது. சர்க்கரையை உள்ளே விடும் வேலை இல்லை என்றால் அந்த ஏற்பிகள் அங்கே என்ன செய்கின்றன?

அவை செய்வது பிழைப்பும் வளர்ச்சியும் சார்ந்த வேலை. இன்சுலின் வந்து ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள்ளே ஒரு தொடர் ஓட்டம் தொடங்குகிறது. ஐஆர்எஸ் புரதங்கள், பிஐ3கே நொதி, அப்புறம் ஏகேடி என்று செய்தி கைமாறிப் போகிறது. இந்த ஏகேடிதான் நடுநாயகம். அது செல்லைத் தற்கொலை செய்துகொள்ளாமல் தடுக்கிறது. மரபணுக்களை இயக்கும் ஃபாக்ஸோ என்ற புரதத்தை உட்கருவுக்கு வெளியே நிறுத்திவைக்கிறது. எம்டார் என்ற இன்னொரு புரதத்தை முடுக்கிவிட்டுப் புதிய புரதங்களைத் தயாரிக்கச் சொல்கிறது. இன்சுலினின் நெருங்கிய உறவான ஐஜிஎஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியும் கிட்டத்தட்ட இதே பாதையைத்தான் பயன்படுத்துகிறது. இன்சுலினில் 51 அமினோ அமிலங்கள், ஐஜிஎஃப்-1இல் 70, உருவமும் ஒத்தது. ஒன்றின் ஏற்பியில் மற்றொன்று கொஞ்சம் தளர்வாக ஒட்டவும் செய்யும்.

இயக்க நரம்பணு இப்படி ஒரு செய்தியை நம்பி வாழ்வதில் வியப்பில்லை. தண்டுவடத்தில் இருக்கும் செல்லிலிருந்து கால் பாதத்தின் தசை வரை ஒரு மீட்டர் நீளத்துக்கு அதன் இழை ஓடுகிறது. பிறந்ததிலிருந்து சாகும்வரை அது பிரிவதில்லை, மாற்று செல் வருவதும் இல்லை. அந்த நீளம் முழுக்கப் புரதங்களை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும், பழையதை அப்புறப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது வேலையில்தான் சிக்கல். எம்டார் முடுக்கப்பட்டால் செல் புதிதாகக் கட்டுவதில் இறங்கிவிடும், தன் பழைய குப்பையை உண்டு செரிக்கும் ஆட்டோஃபேஜி குறைந்துவிடும். ஃபாக்ஸோ உட்கருவுக்குள் நுழைந்தால்தான் பல பாதுகாப்பு மரபணுக்கள் விழிக்கும். இன்சுலின் அதை உள்ளே விடாது. கட்டட வேலை நடக்கும் வீட்டில் ஒட்டடை அடிப்பவர் யாரும் இருப்பதில்லை. ஏஎல்எஸ் நோயில் நரம்பணுவுக்கு உயிரோடு இருக்கவும் தூண்டுதல் வேண்டும், சேர்ந்துவிட்ட புரதக் கட்டிகளைக் கழிக்கவும் வேண்டும். ஒரே பாதை ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பறிக்கிறது.

1990களில் இந்தச் சிக்கல் யாருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. ஐஜிஎஃப்-1 நரம்பணுக்களைக் காக்கிறது, நரம்பு இழைகளைத் தளிர்க்க வைக்கிறது, தசையையும் வளர்க்கிறது. ஏஎல்எஸ் மருந்துக்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? வட அமெரிக்காவில் 266 நோயாளிகளிடம் தோலுக்கடியில் ஊசியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1997இல் முடிவு வந்தது: அதிக அளவு மருந்து பெற்றவர்களின் செயல்திறன் சற்று மெதுவாகக் குறைந்தது. ரிலுசோல் என்ற ஒரே மருந்து 1995இல்தான் வந்திருந்தது. அதுவும் ஆயுளை இரண்டு மூன்று மாதம் நீட்டுவதோடு சரி. நோயாளிகளும் குடும்பங்களும் இந்த ஊசியின் மேல் எவ்வளவு நம்பிக்கை வைத்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. மறு ஆண்டே ஐரோப்பாவில் 183 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. பயனில்லை.

ஒன்று ஆம் என்கிறது, ஒன்று இல்லை என்கிறது. அதனால் மூன்றாவதாக ஒரு சோதனை, இம்முறை 330 பேர், இரண்டு ஆண்டுகள். 2008இல் வெளியான அதன் முடிவில் தசை வலு, செயல்திறன், உயிர் பிழைத்திருத்தல் எதிலுமே வித்தியாசம் இல்லை. ரத்தக் கட்டி வரும் ஆபத்து மட்டும் கூடியிருந்தது. ஐஜிஎஃப்-1 ஊசியின் கதை அத்தோடு முடிந்தது.

இதற்கு நடுவே 2003இல் எலிகளிடம் செய்த ஒரு வேலையைச் சொல்லாமல் போகக் கூடாது. தீங்கற்ற ஒரு வைரஸில் ஐஜிஎஃப்-1 மரபணுவை ஏற்றி, எஸ்ஓடி1 பிறழ்வு கொண்ட சுண்டெலிகளின் தசைகளில் செலுத்தினார்கள். நரம்பு முனையில் நுழைந்த வைரஸ் இழை வழியே பின்னோக்கிப் பயணம் செய்து, தண்டுவடத்தில் இருக்கும் இயக்க நரம்பணுவுக்கே போய்ச் சேர்ந்தது. நோய் தொடங்கும் காலத்தில் கொடுத்தபோதும் அந்த எலிகள் குறிப்பிடத்தக்க அளவு கூடுதலாக வாழ்ந்தன. பொருள் அதே ஐஜிஎஃப்-1தான். மனிதர்களிடம் தோற்றது, எலிகளிடம் ஜெயித்தது.

எலி வேறு, மனிதன் வேறு என்று சொல்லித் தப்பித்துவிடலாம். அது பாதி உண்மைதான். எஸ்ஓடி1 பிறழ்வு எல்லா நோயாளிகளிலும் சேர்த்து ஐம்பதில் ஒருவருக்குத்தான் இருக்கிறது. ஆனால் மருந்து போய்ச் சேர்ந்த இடத்தை மறக்கக் கூடாது. ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 தனியாகத் திரிவதில்லை. ஏறக்குறைய அத்தனையையும் பிணைப்புப் புரதங்கள் பிடித்துவைத்துக்கொள்கின்றன. மிச்சத்தில் எவ்வளவு, ரத்தத்தில் இருப்பவற்றை மூளைக்குள் எளிதில் விடாத மூளை-ரத்தத் தடுப்பைத் தாண்டும், அதில் எவ்வளவு தண்டுவடத்தில் இருக்கும் ஒரு குறிப்பிட்ட வகை நரம்பணுவைத் தொடும்? தோலுக்கடியில் போட்ட ஊசி இந்தக் கேள்வியைத் தாண்டவே இல்லை. மூன்று சோதனைகளும் சேர்ந்து மொத்தத்தில் ஐஜிஎஃப்-1 உதவாது என்று காட்டின என்பதைவிட, ரத்தத்தில் ஐஜிஎஃப்-1 ஏற்றினால் உதவாது என்று காட்டின என்பதே சரி.

இத்தனையும் இன்சுலின் பாதையைக் கூட்டினால் நல்லது என்ற எண்ணத்தில் நடந்தவை. அதே காலத்தில் உயிரியலின் இன்னொரு மூலையில் நேர் எதிரான செய்தி வந்துகொண்டிருந்தது. 1993இல் சிந்தியா கென்யன் குழு, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள சி. எலிகன்ஸ் என்ற புழுவில் டாஃப்-2 என்ற ஒரே மரபணுவைப் பழுதாக்கினால் அதன் ஆயுள் இரட்டிப்பாவதைக் காட்டியது. டாஃப்-2 என்பது புழுவின் இன்சுலின் ஏற்பி என்று சில ஆண்டுகளில் தெரிந்தது. அதாவது இன்சுலின் செய்தி மங்கினால் ஃபாக்ஸோ உள்ளே போகிறது, துப்புரவு நடக்கிறது, புழு நீண்ட காலம் வாழ்கிறது. 2012இல் ஏஎல்எஸ் பிறழ்வு கொண்ட எஸ்ஓடி1 புரதத்தைச் சுமக்கும் புழுக்களில் இதைச் சோதித்தார்கள். இன்சுலின் செய்தியைக் குறைத்தபோது அந்தப் புரதத்தின் நச்சுத்தன்மை தணிந்தது.

சரி, அப்படியானால் குறைப்பதுதான் வழியா? 2021இல் லண்டன் ஆய்வாளர்கள் பழ ஈயில் வேறொரு மரபணுவை, சி9ஓஆர்எஃப்72 பிறழ்வை வைத்துப் பார்த்தார்கள். அந்தப் பிறழ்வில் ஒரு சிறு டிஎன்ஏ தொடர் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு, அதிலிருந்து நச்சுத் தன்மை கொண்ட சிறு புரதங்கள் உருவாகின்றன. அந்த ஈக்களில் இன்சுலின் பாதை ஏற்கெனவே மங்கிக் கிடந்தது. ஏற்பியைக் கூடுதலாக இயக்கியதும் நச்சுப் புரதம் குறைந்தது, ஈக்கள் கூடுதல் நாள் வாழ்ந்தன. புழுவில் குறைத்தால் நன்மை, ஈயில் கூட்டினால் நன்மை.

குழந்தைகளைத் தாக்கும் முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோயும் ஓர் இயக்க நரம்பணு நோய்தான். அந்த நோயுள்ள எலிகளில் ஐஜிஎஃப்-1இன் ஏற்பியைப் பாதியாகக் குறைத்தபோது அவை நன்றாக வாழ்ந்தன என்று 2015இல் ஒரு பிரெஞ்சுக் குழு காட்டியது. துப்புரவைத் தூண்டுவதற்காக எம்டாரை நேரடியாக அடக்கும் ராபமைசின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தவர்களுக்கும் இதே அனுபவம். டிடிபி-43 மிகுந்த எலிகளுக்கு அது உதவியது. எஸ்ஓடி1 எலிகளில் நோயை விரைவுபடுத்தியது.

இந்த முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் சலிப்பு வரலாம். எனக்கோ இவை ஒன்றையொன்று மறுப்பதாகத் தெரியவில்லை. ஒவ்வொரு பிறழ்வும் செல்லை வெவ்வேறு இடத்தில் நெருக்குகிறது. குப்பை சேர்வதே முதல் நெருக்கடி என்றால் இன்சுலினை மங்கவைப்பது உதவும். பிழைப்புச் செய்தியே அறுந்துபோனது நெருக்கடி என்றால் அதைக் கூட்டுவது உதவும். ஏஎல்எஸ் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு வகையும் அடங்கியிருக்கும்போது, எல்லா நோயாளிகளையும் ஒரே சோதனையில் சேர்த்தால் ஒருவருக்குக் கிடைத்த நன்மையை இன்னொருவருக்கு நேர்ந்த தீமை அழித்துவிடும்.

இதுவரை நரம்பணுவுக்குள்ளேயே சுற்றிவந்தோம். ஆனால் ஏஎல்எஸ் நோயாளியின் உடலைப் பார்த்தால் இன்சுலின் விவகாரம் நரம்பணுவுக்கு வெளியே இன்னும் வெளிப்படையாகத் தெரியும். 1964இலேயே ஏஎல்எஸ் நோயாளிகளின் உடல் சர்க்கரையைச் சரியாகக் கையாளவில்லை என்று மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. 1980களில் செய்த அளவீடுகள் அவர்களிடம் இன்சுலின் எதிர்ப்பு, அதாவது இன்சுலின் இருந்தும் உடல் அதற்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை, இருப்பதைக் காட்டின. அப்போது பலர் சொன்ன விளக்கம் எளிது: உணவுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் பெரும் பங்கை எலும்புத்தசைதான் உறிஞ்சுகிறது. தசை கரைந்துபோன ஒருவருக்குச் சர்க்கரை ரத்தத்தில் தேங்கத்தானே செய்யும்? எனவே இது நோயின் பின்விளைவு, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று ஒதுக்கிவைத்தார்கள்.

அந்த விளக்கம் போதாது என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. 2004இல் பிரான்ஸில் எஸ்ஓடி1 எலிகளை ஆராய்ந்தவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். இயக்கக் குறைபாடு வெளியே தெரிவதற்கு முன்பே அந்த எலிகள் வழக்கத்தைவிட அதிக ஆற்றலை எரித்தன, கொழுப்பை இழந்தன, மெலிந்தன. கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தபோது அவற்றின் ஆயுள் கூடியது. மனிதர்களிலும் ஏஎல்எஸ் நோயாளிகளில் பாதிப் பேர் வரை ஓய்வில் இருக்கும்போதே எதிர்பார்ப்பைவிட அதிக கலோரி எரிக்கிறார்கள். தசை குறைந்தால் செலவு குறைய வேண்டும். இங்கே கூடுகிறது. ஆக, நோய் முதலில் நரம்பில் தொடங்கித் தசையைக் கரைத்து, அப்புறம்தான் வளர்சிதை மாற்றத்தைத் தொடுகிறது என்ற வரிசை அவ்வளவு நிச்சயமானது அல்ல.

இங்கேதான் டிடிபி-43 மறுபடி வருகிறது. வளர்ந்த எலிகளில் அந்தப் புரதத்தை நீக்கியபோது அவை உடல் கொழுப்பை வேகமாக இழந்து இறந்தன. தசையில் குளுக்கோஸ் உள்ளே வருவதோடு தொடர்புடைய டிபிசி1டி1 என்ற புரதம் அவற்றில் குறைந்திருந்தது. டிடிபி-43 பிறழ்வு கொண்ட வேறு எலிகளில், இன்சுலின் வந்து தட்டினாலும் தசையின் குளுக்கோஸ் வாசலான க்ளூட்-4 சரியாக மேலே வருவதில்லை. 2019இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கணையத்தைப் பார்த்தார்கள். இறந்த ஏஎல்எஸ் நோயாளிகளின் கணையத்தில், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களின் உட்கருவிலிருந்தும் டிடிபி-43 காணாமல் போயிருந்தது. உயிரோடு இருந்த நோயாளிகளைச் சோதித்தபோது, சர்க்கரை ஏறிய சில நிமிடங்களுக்குள் சுரக்க வேண்டிய முதல் அலை இன்சுலின் பலவீனமாக இருந்தது. அந்தப் புரதம் இல்லாவிட்டால் பீட்டா செல்லின் கால்சியம் வாசல் சரியாக அமைவதில்லை என்று செல் மட்டத்தில் காரணமும் கண்டுபிடித்தார்கள்.

என் பார்வையில் இந்த விஷயத்தில் கடந்த பத்து இருபது ஆண்டுகளில் வந்த மிகச் சுவாரசியமான கண்டுபிடிப்பு இது. நரம்பணுவைக் கொல்லும் அதே புரதக் கோளாறு கணையத்திலும் நடக்கிறது என்றால், இன்சுலின் குறைபாடு நோயின் விளைவும் அல்ல, காரணமும் அல்ல, கூடவே பிறந்தது. பசியையும் எடையையும் ஆளும் ஹைப்போதலாமஸும் ஏஎல்எஸ் நோயாளிகளில் சுருங்கியிருப்பது ஸ்கேனில் தெரிகிறது. கணையம் இன்சுலினை நேரத்துக்குச் சுரக்கவில்லை, தசை அதைக் கேட்கவில்லை, மூளையின் பசி மையம் கணக்கை மறந்துவிட்டது. இந்த நிலையில் இருக்கும் உடலுக்குள் தோலுக்கடியில் ஐஜிஎஃப்-1 செலுத்தியதைத்தான் 1990களில் மருந்துச் சோதனை என்று செய்துபார்த்தோம்.

இனி அந்த டேனிஷ் புதிருக்கு வருவோம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் ஏன் ஏஎல்எஸ் வாய்ப்பைக் குறைப்பதுபோல் தெரிகிறது?

எளிதான பதில் ஒன்று உண்டு, அதை முதலில் கணக்கில் எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் பலர் மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள். ஏஎல்எஸ் வரும் வயது வரை இருப்பதில்லை. இன்னொன்று: நரம்புச் சிதைவு வெளியே தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஏஎல்எஸ் வரப்போகிறவரின் உடல் மெலியத் தொடங்கிவிடுகிறது. மெலிந்தவருக்கு இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வருவது குறைவு. அப்படிப் பார்த்தால் சர்க்கரை நோய் ஏஎல்எஸைத் தடுக்கவில்லை, ஏஎல்எஸ்தான் தன் முன்தொடக்கத்திலேயே சர்க்கரை நோயைத் தடுத்திருக்கிறது. அதிக உடல் எடைக்கும் குறைந்த ஏஎல்எஸ் வாய்ப்புக்கும் தொடர்பு பல நாடுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது இந்த விளக்கத்தோடு நன்றாகவே பொருந்துகிறது.

ஆனால் இவை முழுக் கதையாக இருக்க வாய்ப்பில்லை. மரபணுக்களை மட்டும் வைத்துக் காரணத்தைச் சோதிக்கும் முறை ஒன்று இருக்கிறது. பிறப்பிலேயே சர்க்கரை நோய்க்கான மரபணுச் சாய்வு கொண்டவர்களுக்கு ஏஎல்எஸ் எப்படி வருகிறது என்று அது பார்க்கிறது. பின்னால் வந்த மெலிவு பிறப்பில் கிடைத்த மரபணுவை மாற்ற முடியாதே. ஐரோப்பிய வம்சாவளியினரில் செய்த அப்படிப்பட்ட ஆய்விலும் சிறிய அளவில் ஒரு பாதுகாப்பு தெரிந்தது. கிழக்கு ஆசியர்களிடம் தெரியவில்லை. ஒருவேளை ரத்தத்தில் நீண்டகாலம் கூடுதலாக இருக்கும் இன்சுலின் கொஞ்சம் உதவுகிறதோ என்னவோ. முதல் வகைச் சர்க்கரை நோயில் உடல் சொந்தமாக இன்சுலின் ஏறக்குறைய சுரப்பதே இல்லை, அங்கே பாதுகாப்பும் இல்லை என்பது அந்த ஊகத்துக்கு இசைவாக இருக்கிறது. ஊகம்தான்.

சர்க்கரை நோய் மாத்திரைகளை ஏஎல்எஸ் நோயாளிகளிடம் முயன்றவர்களின் அனுபவம் எச்சரிக்கையாக இருக்கிறது. தசையை இன்சுலினுக்குச் செவிசாய்க்க வைக்கும் பயோகிளிட்டசோன் எஸ்ஓடி1 எலிகளின் ஆயுளை நீட்டியது. ஜெர்மனியில் 219 நோயாளிகளிடம் கொடுத்துப் பார்த்தபோது பயன் வரப்போவதில்லை என்று தெரிந்து சோதனையை நடுவிலேயே நிறுத்தினார்கள். உலகில் அதிகம் விழுங்கப்படும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின் எஸ்ஓடி1 ஆண் எலிகளுக்கு எந்தப் பயனும் தரவில்லை, பெண் எலிகளுக்கு நோயை மோசமாக்கியது. அதே மெட்ஃபார்மின் சி9ஓஆர்எஃப்72 எலிகளில் நச்சுப் புரதங்களைக் குறைத்தது. அதனால் அந்தப் பிறழ்வு உள்ளவர்களிடம் மட்டும் சிறிய அளவில் அதைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கினார்கள். மரபணுவைப் பார்த்து ஆளைப் பிரித்து மருந்து கொடுக்கும் பழக்கம் இங்கே இப்போதுதான் வருகிறது.

‘எந்தத் திசு’ என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை கிடைத்தது ஏஎல்எஸில் அல்ல, அதன் மெதுவான உறவுக்கார நோய் ஒன்றில். கென்னடி நோய் ஆண்களுக்கு மட்டுமே முழுமையாக வருகிறது. ஆண் ஹார்மோனின் ஏற்பி மரபணுவில் ஒரு தொடர் நீண்டுபோனதால் வருவது என்று 1991இல் கண்டுபிடித்தார்கள். கை கால் தசைகளும், நாக்கும் தொண்டையும் பல பத்தாண்டுகளாக மெல்லத் தேய்கின்றன. இதில் ஏகேடி, பழுதான அந்த ஏற்பியின் மேல் ஒரு வேதிக் குறி வைத்து அதை முடக்கிவிடுகிறது என்று தெரிந்தது. அப்புறம் 2009இல் தசையில் மட்டும் ஐஜிஎஃப்-1 அதிகமாக உருவாகும்படி எலிகளை வளர்த்தார்கள். தசை தேறியது. ஆச்சரியம், தண்டுவடமும் தேறியது. நரம்பணுவைத் தொடவே இல்லை. அது கைகோத்திருக்கும் தசையைச் சீர்செய்ததே போதுமானதாக இருந்தது.

எஸ்ஓடி1 எலிகளிலும் 2005இல் இத்தாலியில் தசைக்குள் மட்டும் ஐஜிஎஃப்-1 கொடுத்து இதைப் போன்ற முடிவைக் கண்டிருந்தார்கள். ஏஎல்எஸில் நரம்பும் தசையும் சேரும் இணைப்பு முதலில் கழன்றுகொள்கிறது, செல் உடல் பின்னால்தான் சாகிறது என்று பல சான்றுகள் இருக்கின்றன. எனவே நடவடிக்கையைத் தசை முனையிலிருந்து தொடங்குவது விபரீத யோசனை அல்ல.

கென்னடி நோயாளிகளிடம் இன்சுலின் எதிர்ப்பு அதிகம், அது கூடியவர்களுக்கு இயக்கத் திறன் குறைவு, தசையில் இன்சுலின் ஏற்பியே குறைந்திருக்கிறது என்று 2017இல் ஜப்பானிலிருந்து செய்தி வந்தது. மறு ஆண்டு, நீண்ட நேரம் நீடிக்கும்படி மாற்றியமைத்த ஓர் ஐஜிஎஃப்-1 மருந்தை 27 நோயாளிகளிடம் சோதித்த முடிவு வெளியானது. மருந்து பெற்றவர்களின் தொடைத் தசையின் அளவு குறையாமல் நின்றது. ஆனால் வலு கூடவில்லை, பலரின் உடல் மருந்துக்கு எதிராக எதிர்ப்புப் புரதங்களை உருவாக்கிவிட்டது. அந்த மருந்து அத்தோடு நின்றாலும், தசை அளவைக் காப்பது நடக்கக்கூடியதுதான் என்று காட்டிவிட்டுப் போனது.

மருந்துகள் இப்படித் தடுமாறிக்கொண்டிருக்க, இன்றைக்கே மருத்துவர் கையில் இருப்பது உணவு. 2020இல் ஜெர்மனியில் 201 நோயாளிகளுக்கு வழக்கமான உணவோடு ஒவ்வொரு நாளும் கூடுதலாக 405 கலோரி கொழுப்பாகவே கொடுத்துப் பார்த்தார்கள். எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் ஆயுளில் மாற்றம் இல்லை. நோய் வேகமாக முன்னேறிக்கொண்டிருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது மட்டும் கூடுதலாக வாழ்ந்தார்கள் என்று தெரிந்தது. பின்னர் பிரித்துப் பார்த்த கணக்கு என்பதால் அதை மறுபடி சோதித்துத்தான் உறுதிப்படுத்த வேண்டும். எடை இழக்கும் நோயாளிகள் சீக்கிரம் இறக்கிறார்கள் என்பதில் மட்டும் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அதனால் சர்க்கரை நோயும் ஏஎல்எஸும் ஒருவருக்கே இருக்கும்போது நரம்பியல் மருத்துவரும் சர்க்கரை மருத்துவரும் பேசிக்கொள்வது அவசியம். ரத்தச் சர்க்கரையை வேண்டுமென்றே ஏறவிடுவது யாருக்கும் நல்லதல்ல. மேலே சொன்ன எந்த ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் எடையைக் குறைக்கச் சொல்லும் வழக்கமான அறிவுரையும், பசியைக் குறைத்து மெலிய வைக்கும் புதிய ஊசிகளும் இந்த நோயாளிக்குப் பொருந்துமா என்று ஒருமுறைக்கு இருமுறை யோசிக்க வேண்டும். இருபது ஆண்டுகள் கட்டுப்பாட்டோடு சாப்பிட்டுப் பழகியவரிடம், இனி எடை குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தேவைப்பட்டால் அதற்கேற்ப மாத்திரையை மாற்றிக்கொள்ளலாம் என்று மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கும்.